இருநூற்றுப் பத்து நாற்காலிகள்

‘இடம் கிடைக்காதவர்களின் நாடக விழா’ என்று வாசலில் துணி கட்டியிருந்தது. உள்ளே இருநூற்றுப் பத்து இடங்கள் காலியாகக் கிடந்தன.

கறாராகச் சொன்னால் இருநூற்று ஏழு. முதல் வரிசையில் அரங்கத்துக் காவலாளி உட்கார்ந்திருந்தார். நாடகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் உட்காரும் இடம் அதுதான். நடு வரிசையில் ஒருவர் செல்போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, அது எப்போது நிறையும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் விழாச் செயலாளரின் மனைவி. அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பது. நான்கு மணிக்குத் திரை விலக வேண்டும்.

"ஏங்க, நோட்டீஸ் எல்லாம் குடுத்தீங்கள்ல?" என்றாள் மனைவி.

"ஐநூறு அடிச்சேனே!"

"அடிச்சது சரி. குடுத்தீங்களா?"

செயலாளர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். அடித்த ஐநூறும் அவருடைய கடையில், ஃபிரேம் பெட்டிகளுக்குப் பின்னால், கட்டுப் பிரிக்காமல் பத்திரமாக இருந்தன. நாளைக்குக் கொடுக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டதில் விழா முந்திக்கொண்டுவிட்டது.

அவருக்குத் தொழில் கண்ணாடிக் கடை. இருபத்திரண்டு வருடமாக ஊரார் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறவர். அதில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. முகம் அவருக்கு நினைவில் நிற்காது, கண்ணாடிதான் நிற்கும். தெருவில் யாராவது வணக்கம் வைத்தால், ‘மைனஸ் நாலரை, கறுப்பு ஃபிரேம், வலது பக்கம் ஸ்க்ரூ லூசு’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் பதில் வணக்கம் வைப்பார். கண்ணாடியே போடாதவர்கள் அவரைப் பொறுத்தவரை இன்னும் பிறக்கவில்லை.

கண்ணாடிக் கடைக்காரருக்கும் நாடக விழாவுக்கும் என்ன சம்பந்தம் என்றால், அதுவும் கண்ணாடியால் வந்த சம்பந்தம்தான். கல்லூரியில் படிக்கும்போது அவருக்கு ராஜா வேஷம் கிடைத்தது. ஒத்திகையில், ராஜாவுக்குக் கண்ணாடி ஏது என்று சொல்லிக் கழற்றச் சொன்னார்கள். கழற்றிய ராஜா நாலடி கம்பீரமாக நடந்தார். ஐந்தாவது அடியில் மேடை முடிந்துபோயிற்று. கீழே உட்கார்ந்திருந்த பேராசிரியரின் மடியில் விழுந்தவரை அப்புறம் யாரும் மேடைப் பக்கம் சேர்க்கவில்லை. அந்த வலி முப்பது வருடமாக அவருக்குள் இருந்தது. மேடை கிடைக்காதவர்களுக்கெல்லாம் ஒரு மேடை கொடுத்தே தீருவேன் என்று கிளம்பியவர், நிஜமாகவே நல்ல மனுஷர்.

ஆனால் இன்றைக்கு நல்ல மனசை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சட்டைப் பையில் ஒரு கடிதம் கனத்தது. கலாசாரத் துறையிலிருந்து வந்தது. ‘பொதுமக்களில் நூறு பேராவது ஆர்வத்துடன் நாடகம் பார்க்கிறார்கள் என்பதை எமது அதிகாரி முதல் நாளன்று நேரில் உறுதிசெய்வார். தவறினால், இவ்வரங்கம் துறையின் உடைந்த மேசை நாற்காலிகளை அடுக்கும் கிடங்காக மாற்றப்படும்.’ ‘ஆர்வத்துடன்’ என்பதன் கீழே யாரோ அழுத்தமாகக் கோடு வேறு போட்டிருந்தார்கள்.

திரையின் நடுவே ஒரு கண் தெரிந்தது. பிறகு மூக்கு. பிறகு முழு முகமும் வெளியே வந்தது. சமையலக்கா. அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்த்து, சமைத்து, துணி துவைக்கும் ஏழு பெண்கள் சேர்ந்து போடும் நாடகம்தான் முதல் நாடகம். எழுதியதும் அவள்தான், வேலைக்காரியாக நடிப்பதும் அவள்தான். எட்டு மாதமாக, வேலை முடிந்து வந்து, கால் வீங்க நின்று ஒத்திகை பார்த்தவள்.

"சார், யாராச்சும் வந்தாங்களா?"

"நிறைஞ்சு வழியுது! நீ உள்ள போக்கா."

"சத்தமே கேக்கலையே?"

"எல்லாம் படிச்சவங்க. அமைதியா உக்காந்திருக்காங்க."

அவள் வெளியே முழுதாக எட்டிப் பார்ப்பதற்குள் செயலாளர் திரையை இழுத்து மூடினார். மூடிய கையோடு மனைவியிடம் ஓடினார்.

"இப்ப என்ன பண்றது?"

"அந்த மூணு குழுவையாச்சும் கூப்பிட்டிருக்கலாம்" என்றாள் மனைவி. "வேணாம்னு திருப்பி அனுப்பிச்சீங்களே, அவங்களை."

விழாவுக்கு ஒன்பது குழுக்கள் விண்ணப்பம் போட்டிருந்தன. செயலாளர் மூன்றைக் கழித்துவிட்டார். ஒரு குழுவின் நாடகம் ஐந்து மணி நேரம், இடைவேளை கிடையாது. இன்னொரு குழு படிவத்தையே ஒழுங்காக நிரப்பவில்லை. நாடகத்தின் பெயர் என்ற இடத்தில் ‘அன்று முடிவாகும்’ என்றும், மேடை எத்தனை அடி வேண்டும் என்ற இடத்தில் ‘தேவையில்லை’ என்றும் எழுதியிருந்தது. நம்மைக் கேலி செய்கிறார்கள் என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்றாவது குழு ஒரு குதிரை கேட்டது. உயிருள்ள குதிரை. அதுவும் வெள்ளை.

"கூப்பிடாம என்ன? மூணு பேருக்கும் கடுதாசி போட்டேன். ‘விண்ணப்பம் ஏற்கப்படவில்லை, பார்வையாளர்களாக வந்து விழாவைச் சிறப்பிக்கவும்’னு மரியாதையா எழுதினேன். ஒருத்தர் வந்தாங்களா பாரு! தனக்கு மேடை இல்லைன்னா அடுத்தவன் நாடகத்தை யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. உலகம் அவ்வளவுதான்!"

"அந்தக் குதிரைக்காரங்க வந்தாக்கூட நாலு பேரு இருந்திருப்பாங்க."

"குதிரையோட சேத்தா அஞ்சு" என்றபடி மச்சான் உள்ளே வந்தான்.

மச்சான் என்பவன் செயலாளரின் மனைவிக்குத் தம்பி. ஆயுள் காப்பீட்டு முகவர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையிடமே, "உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?" என்று ஆரம்பிக்கிற ஆள். செயலாளருக்கு அவனைக் கண்டால் பிடிக்காது. இன்று அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"கவலைப்படாதீங்க மாமா. பக்கத்துப் பல் ஆஸ்பத்திரியில இன்னைக்கு இலவச முகாம். கூட்டம் படிக்கட்டு வரைக்கும் நிக்குது. உக்கார பெஞ்சு இல்ல. பத்து நிமிஷம் குடுங்க."

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அவள் பின்னால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள். அவன் பின்னால் தாடையைச் சுற்றித் துண்டு கட்டிய ஒரு பெரியவர். வந்துகொண்டே இருந்தார்கள். எல்லார் கையிலும் ஒரு டோக்கன் இருந்தது.

"என்னடா சொல்லிக் கூட்டிட்டு வந்தே?"

"நிக்கிற நேரத்துக்கு ஃபேனுக்குக் கீழ உக்காருங்க, உங்க நம்பரைக் கூப்பிடும்போது போய்ப் பல்லைக் காட்டிட்டு வந்து மிச்ச நாடகத்தைப் பாருங்கன்னேன். பக்கத்துக் கதவைத் திறந்து வெச்சிருக்கேன். நர்ஸம்மா அங்க நின்னு நம்பர் கூப்பிடுவாங்க."

"எல்லாரும் அழற மாதிரி இருக்காங்களே!"

"நாடகம் சோகந்தானே மாமா?"

"ஆமா."

"அப்புறம் என்ன?"

செயலாளர் தலைகளை எண்ணினார். எண்பத்தேழு. காவலாளி, சார்ஜர்காரர், மனைவியோடு சேர்த்துத் தொண்ணூறு. இன்னும் பத்து வேண்டும். அப்போதுதான் வாசலில் ஒரு கார்க் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். தங்க ஃபிரேம். இரண்டு பாதியாகப் பிரிந்த கண்ணாடி, மேல்பாதி தூரத்தைப் பார்க்க, கீழ்ப்பாதி படிக்க எழுத. கலாசாரத் துறையின் அதிகாரியம்மாதான்.

"எதிர பஸ் ஸ்டாப்புல கொஞ்ச பேரு நிக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டே மச்சான் ஓடினான்.

செயலாளர் அதிகாரியம்மாவை வரவேற்று, வாசல் துணியின் ஒவ்வொரு எழுத்தையும் விளக்கி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் விளக்கிக்கொண்டிருக்கும்போதே மச்சான் திரும்பிவிட்டான். பின்னால் பன்னிரண்டு பேர். முன்னால் பச்சைக் குடையோடு ஒரு அம்மா, நடுவில் கோடு போட்ட சட்டைக்காரர், கடைசியாகத் தொப்பையோடு ஒரு பெரியவர். பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடக் கண்ணாடி போட்டிருக்கவில்லை. தொழில்முறையில் செயலாளருக்கு அது சின்ன வருத்தம்தான். ஆனால் தலை தலைதானே.

அதிகாரியம்மாவை மனைவி உள்ளே அழைத்துப் போனதும், "எங்க உக்காரணும் சார்?" என்று பச்சைக் குடையம்மா கேட்டாள்.

"எங்க வேணா உக்காருங்கம்மா."

"அதிகாரியம்மா எந்த வரிசை?"

"நாலாவது."

"அப்ப நாங்க பிரிஞ்சு உக்காந்துக்கறோம். நடுவுல எழுந்து நிக்கலாமா?"

"எழுந்து போயிடாதீங்க, அது போதும். மத்தபடி உங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்கவே கூடாது என்று செயலாளர் பிற்பாடு நினைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவருக்கு மனம் குளிர்ந்துபோயிருந்தது. எவ்வளவு பொறுப்பான பொதுமக்கள்!

"எப்படிடா சம்மதிச்சாங்க?"

மச்சான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். "எல்லாம் பேச்சுத் திறமை மாமா."

திரை விலகியது. மேடையில் ஒரு பணக்கார வீட்டு வரவேற்பறை. சமையலக்கா துடைப்பத்தோடு வந்து நின்றாள். நூற்று இரண்டு முகங்களைப் பார்த்ததும் அவள் முகம் அப்படியே மலர்ந்தது. துக்கமான காட்சி அது. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

அதிகாரியம்மா கண்ணாடியின் மேல்பாதி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். செயலாளருக்கு நிம்மதி. கீழ்ப்பாதிக்கு வந்தால்தான் ஆபத்து, எழுதத் தொடங்குகிறாள் என்று அர்த்தம்.

"முப்பத்தொண்ணு!" என்று பக்கத்துக் கதவிலிருந்து ஒரு குரல்.

அதிகாரியம்மா திரும்பினாள். "என்ன சத்தம் அது?"

"அது... கணக்கெடுப்பு மேடம். பார்வையாளர் எத்தனை பேருன்னு எண்றோம்."

"முப்பத்தொண்ணுதானா?"

"இன்னும் எண்ணி முடியல மேடம்."

யாரும் எழவில்லை. சற்று நேரத்தில், "முப்பத்திரெண்டு!" தாடையில் துண்டு கட்டிய பெரியவர் எழுந்து போனார். அதிகாரியம்மா சரி என்று தலையசைத்தாள். அப்புறம், "முப்பத்தொண்ணு எங்கப்பா? முப்பத்தொண்ணு!"

"குறையுதே?" என்றாள் அதிகாரியம்மா.

"சரி பாக்கறாங்க மேடம். கணக்குல ரொம்பக் கறாரானவங்க."

கண்ணாடியின் கீழ்ப்பாதி. அவள் ஏதோ எழுதினாள். செயலாளர் பக்கத்துக் கதவுக்கு ஓடி, "நர்ஸம்மா, கொஞ்சம் மெதுவாக் கூப்பிடுங்களேன்" என்று கெஞ்சினார். நர்ஸம்மாவும் நல்லவள். கூப்பிடுவதை விட்டுவிட்டு உள்ளே வந்து, ஒவ்வொருவர் வாயிலும் டார்ச் அடித்துப் பார்த்து ஆளைத் தேடத் தொடங்கினாள். செயலாளர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டு மறுபடி கதவுக்கே அனுப்பினார்.

அதற்குள் இன்னொரு தொல்லை. ஐந்தாவது வரிசையில், அதிகாரியம்மாவின் காதுக்கு நேர் பின்னால், தொப்பைப் பெரியவர் குறட்டை விட ஆரம்பித்தார். சாதாரணக் குறட்டை இல்லை. ஏறி, நின்று, யோசித்து, விசிலோடு இறங்கும் குறட்டை. அதுவும் சமையலக்கா வசனம் பேசும்போது அடங்கிவிடும். அவள் மூச்சு வாங்க நிறுத்தினால் உடனே வந்துவிடும்.

செயலாளர் குனிந்து போய் அவர் தோளைத் தட்டினார். "சார், சார்."

பெரியவர் திடுக்கிட்டு விழித்து, என்ன ஏது என்று தெரியாமல், படபடவென்று கை தட்டினார். நாம்தான் எதையோ கவனிக்கவில்லை போல என்று மொத்த அரங்கமும் கை தட்டியது. மேடையில் அப்போது வேலைக்காரியின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்திருந்தது. கை தட்டல் ஓய்ந்ததும் பெரியவர் விட்ட இடத்திலிருந்து தூக்கத்தைத் தொடர்ந்தார்.

கீழ்ப்பாதி. மறுபடியும் எழுதினாள்.

நாடகம் முக்கியமான காட்சிக்கு வந்தது. எஜமானியம்மாவின் மோதிரத்தைக் காணோம். வேலைக்காரியின் பையைப் பிடுங்கித் தரையில் கொட்டுகிறாள். ஒரு சீப்பு, ஒரு மாத்திரை அட்டை, குழந்தையின் ஒற்றைச் செருப்பு. "எங்கடி மோதிரம்? உண்மையைச் சொல்லு! யாரு எடுத்தது?"

"நான்தான் எடுத்தேன்!"

குரல் மேடையிலிருந்து வரவில்லை. ஏழாவது வரிசையில் கோடு போட்ட சட்டைக்காரர் எழுந்து நின்றிருந்தார். 

எஜமானியாக நடித்தவள் வாயைப் பிளந்தாள். ஒத்திகையில் இது இல்லை.

செயலாளர் பாய்ந்து போனார். "சார், உக்காருங்க. இது நாடகம்."

"தெரியும் சார். ஆனா மனசு கேக்கல. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி என் வீட்டுல இதே மாதிரி நடந்துச்சு. என் பொண்டாட்டி மோதிரத்தை நான்தான் எடுத்தேன். பழி அந்த வேலைக்காரப் பொண்ணு மேல விழுந்துச்சு. நான் வாயைத் திறக்கல."

"அடப்பாவி மனுஷா!"

இது மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது. பச்சைக் குடையம்மா எழுந்து நின்றாள். குடையும் எழுந்து நின்றது. "பதினோரு வருஷமா! பதினோரு வருஷமா அந்தப் பொண்ணைத் திருடி, திருடின்னு திட்டிக்கிட்டு இருக்கேனே! அவ கால்ல விழுந்து அழுதாளே! நீ பக்கத்துல நின்னு பேப்பர் படிச்சியே!"

புருஷன் பெண்டாட்டி எதற்காக மூன்றாவது வரிசையில் ஒருவரும் ஏழாவது வரிசையில் ஒருவருமாக உட்கார்ந்தார்கள் என்று செயலாளருக்கு ஒரு கணம் தோன்றியது. சேர்ந்து வாழ்ந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி பெரிதாகப் படாது, அவருக்கும் படவில்லை.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய வாங்க, பேசிக்கலாம்" என்று கோடு போட்ட சட்டையின் கையைப் பிடித்து இழுத்தார்.

அதுதான் பெரிய தப்பு. "அவரை எதுக்குய்யா வெளிய இழுக்கறே?" என்று பத்தாவது வரிசையில் ஒரு இளம்பெண் எழுந்தாள். "உண்மையைச் சொல்றவரைப் பேச விடுங்க!" "அதெல்லாம் இல்ல, இந்தாளை வெளிய தள்ளுங்க!" என்று எதிர்ப்பக்கத்தில் ஒருவர். அரங்கம் இரண்டாகப் பிரிந்தது. வாய் மரத்துப்போய்த் திரும்பி வந்த பெரியவர், துண்டை அவிழ்த்து வீசிவிட்டு ஆவேசமாக ஐந்து நிமிடம் பேசினார். ஒரு சொல் புரியவில்லை. ஆனாலும் அவர் பக்கம் நியாயம் இருந்த மாதிரிதான் எல்லாருக்கும் தோன்றியது.

"நாப்பத்தாறு!" என்று கதவிலிருந்து குரல்.

"இருங்கம்மா! இங்க ஒரு நியாயம் நடந்துக்கிட்டு இருக்கு!" என்று நாற்பத்தாறு சீறியது.

செயலாளருக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. ஓடிப்போய் விளக்கை அணைத்தார். இருட்டில் ஒரு அலறல், ஒரு குடை விரியும் சத்தம், அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் குறட்டை. பயந்துபோய் விளக்கை மறுபடி போட்டுவிட்டார். வெளிச்சம் வந்தபோது பச்சைக் குடையம்மா நடைபாதையில், மேடைக்கு நேர் எதிரே நின்றிருந்தாள். மேடை ஓரத்தில் சமையலக்கா நின்றிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் நாலடி.

 சார்ஜர்காரர்கூடச் செல்போனைப் பார்க்கவில்லை.

"மேல வாங்கம்மா" என்று சமையலக்கா கை நீட்டினாள்.

"வேணாம்மா. நான் இங்கயே நின்னுக்கறேன்." பச்சைக் குடையம்மா குடையை மடக்கிக்கொண்டாள். "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கான்னு எனக்குத் தெரியல. அவகிட்ட சொல்ல வேண்டியதை உங்கிட்ட சொல்றேன். நீ எடுக்கல. தப்பு எங்க மேல. எங்க வீட்டு ஆம்பளைய நம்பினேன், உன்னை நம்பல. நீ எடுக்கலம்மா."

சமையலக்காவுக்கு அடுத்த வசனம் இருந்தது, எட்டு மாதமாகச் சொல்லிப் பழகிய நீளமான வசனம். அது அவளுக்கு வரவில்லை. துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, மேடை விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் நெஜமாவே எடுக்கலம்மா" என்றாள். "மூணு வீடு. மூணு வீட்டுலயும் நான் எடுக்கல. கடைசியில எல்லாம் அவங்கவங்க வீட்டுலயே கெடைச்சுது. கெடைச்சுதுன்னு சொன்னாங்க. தப்பு எங்களுதுன்னு ஒருத்தரும் சொல்லல."

விளக்குச் சுவிட்சின் பக்கத்தில் நின்றிருந்த செயலாளர் அழுதார். எதற்கு இங்கே வந்தோம், அரங்கம் என்ன ஆகும், எதுவும் அவருக்கு நினைவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்க நனைந்தது. அரங்கத்தில் பல் வலித்தவர்களும் அழுதார்கள், வலிக்காதவர்களும் அழுதார்கள். கோடு போட்ட சட்டைக்காரர் நாற்காலியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அதற்கு நடுவே மிகச் சன்னமாக, ஒரு பெருமூச்சு மாதிரி, ஒரு குறட்டை வந்து இறங்கியது.

நாடகம் முடிந்ததா, நின்றுபோனதா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

அதிகாரியம்மா நேராகச் செயலாளரிடம் வந்தாள். கண்ணாடி அவள் கையில் இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவள் யார் என்றே அவருக்கு ஒரு கணம் பிடிபடவில்லை.

"மேடம், மன்னிச்சிடுங்க. இப்படி ஆகும்னு..."

"எத்தனை வருஷமா விழா பாக்கறேன் தெரியுமா சார்?" என்றாள் அவள். "எல்லா இடத்துலயும் எங்கேயோ இருந்து ஆளைப் பிடிச்சுட்டு வந்து உக்கார வெப்பாங்க. நமக்கு ஒரே பார்வையில தெரிஞ்சிடும். உங்க நாடகம் சுமார்தான். ஆனா இந்த மக்கள் இருக்காங்களே! நிஜமான மக்கள். இங்க ஒருத்தர்கூட நடிக்கல சார்."

"இல்ல மேடம். நடிக்கல" என்றார் செயலாளர். கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. பல் ஆஸ்பத்திரி கதவை நைசாகக் காலால் சாத்தினார்.

"அரங்கத்தை யாரும் தொட மாட்டாங்க. நான் எழுதிடறேன். அந்தக் கணக்கெடுப்பு மட்டும் வேணாம், கவனம் சிதறுது."

கார் போன பிறகு செயலாளர் அரங்கத்து வாசலில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். சமையலக்கா வந்தாள். வேஷத்துக்குப் பூசியதெல்லாம் கண்ணீரில் கரைந்து, முகம் தெளிந்திருந்தது.

"சார், அந்தக் குடையம்மா யாரு?"

"தெரியலக்கா. பொதுமக்கள்."

"நாடகம் கெட்டுப் போச்சுன்னு மத்தவங்களுக்கெல்லாம் வருத்தம். எனக்கு இல்ல. அந்த ஒரு வார்த்தை கேக்கத்தான் சார் நான் இந்த நாடகத்தையே எழுதினேன். மேடையில வேற யாராச்சும் சொன்னாப் போதும்னு நெனச்சேன். கீழ இருந்து வரும்னு நெனக்கல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறு மணிக்கு ஒரு வீட்டில் பாத்திரம் இருக்கிறது என்று கிளம்பினாள்.

மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாமா, ஒண்ணு சொல்லணும். அந்த பஸ் ஸ்டாப்பு ஆளுங்ககிட்ட நான் பேசவே இல்ல. வாயைத் திறக்கறதுக்குள்ளயே, ‘போலாமா?’ன்னு எழுந்துட்டாங்க."

"நல்ல மனுஷங்கடா" என்றார் செயலாளர். "நாடகம்னா ஆசை. கூப்பிட ஆள் இல்லாம காத்துக்கிட்டு இருந்திருக்காங்க."

மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "ஏங்க! இங்க ஒருத்தர் இன்னும் தூங்கிக்கிட்டு இருக்காரு!"

ஐந்தாவது வரிசையில் தொப்பைப் பெரியவர் அப்படியே இருந்தார். மற்ற இருநூற்று ஒன்பது நாற்காலிகளும் காலி. செயலாளர் பக்கத்தில் போய் மெல்லத் தொட்டார்.

"சார், நாடகம் முடிஞ்சிடுச்சு."

பெரியவர் கண்ணைத் திறந்தார். தூங்கி விழித்த கண் மாதிரியே இல்லை, பளிச்சென்று இருந்தது. சோம்பல் முறிக்காமல் எழுந்து, சட்டையைச் சரி செய்துகொண்டு, தன் நாற்காலிக்கு அடியிலிருந்து பச்சைக் குடையை எடுத்தார்.

கண்ணாடி இல்லாத ஒரு முகத்தைச் செயலாளர் முதல் முறையாக உற்றுப் பார்த்தார். "உங்களை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே?"

"உங்க கடைக்கு ஒருக்கா வந்திருக்கேன் சார்."

"அப்படியா! பவர் எவ்வளவு?"

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் பெரியவர். "மேடை தேவையில்லைன்னு விண்ணப்பத்துல எழுதினதுக்காக எங்க பன்னெண்டு பேரையும் கழிச்சு விட்டீங்களே சார், இப்ப சொல்லுங்க, தேவைப்பட்டுச்சா?"